சேந்தமங்கலத்துக் கோட்டை எங்கே?

கோட்டை என்றவுடன் நம் பக்கத்து மாணவியருக்கு நினைவு வருவன இரண்டு. ஒன்று செஞ்சி, மற்றொன்று தியாகதுருகம். சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குப் பேருந்தில் போகிறவர்கள் தியாகதுருகத்துப் பாறைக் குன்றை எட்டிப் பாராமல் போவதில்லை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காகப் போரிட்டதைப் பாடப் புத்தகத்திலும் படிக்கிறோம். ஆனால் இவ்விரு கோட்டைகளுக்கும் முந்திய புகழுடைய ஓர் இடம் அதே சாலை போய்ச் சேரும் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கப் போவோர் சிலரே. ஏனெனில் அங்கே கோட்டை இல்லை!

அவ்வூர் சேந்தமங்கலம். (நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.) 2019-ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது உளுந்தூர்ப்பேட்டை வட்டமும் நம்முடன் சேர்ந்தது. ஆகவே சேந்தமங்கலமும் இன்று நம் மாவட்டத்து ஊரே. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய குலத்தில் வந்த சோழப் பேரரசன் ஒருவன் அங்கே சிறையிருந்தான் என்பது வரலாறு.

அதைக் கதையாகச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறோம்: காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் என்ற குறுநில மன்னன் தன் தலைவனான மூன்றாம் இராசராச சோழனையே பிடித்து, சேந்தமங்கலத்துக் கற்கோட்டையின் இருட்டறையில் அடைத்தான். செய்தி கேட்ட போசள மன்னன் நரசிம்மன் படை அனுப்பினான். படை கோட்டையை முற்றுகையிட்டு, மதிலை இடித்து, சோழனை மீட்டது. கோட்டை தரைமட்டமாயிற்று. அதனால்தான் இன்று அதன் சுவடே இல்லை.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் எவ்வளவு உண்மை?

சோழன் சிறைப்பட்டது உண்மை. அதற்குச் சான்று கடலூரை அடுத்த திருவகீந்திரபுரத்தில் தேவநாதப் பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டு. மூன்றாம் இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1231-32-இல், வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர்கள் சோழர் அல்லர், போசளப் படைத்தலைவர்கள். அப்பண்ண தண்டநாயக்கன், சமுத்திர கோப்பய்ய தண்டநாயக்கன் என்பன அவர்கள் பெயர்கள். அவர்கள் தம் படையெடுப்பைத் தாமே நாட்குறிப்புப் போல எழுதிவைத்துச் சென்றார்கள். சிறையிலிருந்து இப்போதுதான் வெளிவந்த அரசனுடைய ஆட்சியாண்டைக் கொண்டே அதற்குக் காலம் குறித்ததும் கவனிக்கத்தக்கது. சோழன் சிறைப்பட்டாலும் ஆண்டு அவனுடையதே!

கல்வெட்டு கூறுவதன் சுருக்கம் இது. கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சோழ சக்கரவர்த்தியைப் பிடித்து வைத்திருக்கிறான், நாட்டை அழிக்கிறான், கோயில்களுக்கும் கேடு செய்கிறான் என்ற செய்தி துவாரசமுத்திரத்தில் இருந்த நரசிம்மனுக்கு எட்டுகிறது. சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற பெயரைக் காப்பாற்றும்வரை என் காளம் ஊதப்படாது என்று அவன் சூளுரைத்துப் புறப்படுகிறான். வழியில் மகர ராச்சியத்தை அழிக்கிறான்; பாச்சூரில் தங்குகிறான். அங்கிருந்து தண்டநாயக்கர் இருவரையும் ஏவுகிறான்.

இந்த மகர ராச்சியம் நமக்குத் தொலைவானதன்று. சின்னசேலத்துக்கு மேற்கே, வசிட்ட நதிக் கரையில் உள்ள ஆறகளூரைத் தலைநகராகக் கொண்டு வாணகோவரையர் ஆண்ட மகதை நாடே அது என்று கொள்ளும் ஆய்வாளர் உண்டு. அப்படியானால் போசளர் முதலில் அடித்தது நம் வீட்டுக் கதவை என்றே சொல்லலாம்.

பின்னர் அத்தலைவர்கள் கோப்பெருஞ்சிங்கன் தங்கியிருந்த எள்ளேரி, கள்ளியூர்மூலை முதலிய ஊர்களை அழிக்கிறார்கள். தில்லைக்குச் சென்று பொன்னம்பலத்து இறைவனை வணங்குகிறார்கள். மீண்டும் புறப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் பாளையம் இறங்கி, திருவதிகை முதலிய ஊர்களை அழிக்கிறார்கள். இறுதியாகச் சேந்தமங்கலத்தின் மேல் செல்கிறார்கள்.

இங்கேதான் நாம் நின்று படிக்க வேண்டும். படை சேந்தமங்கலத்தை நெருங்கிப் பாளையம் இறங்கப் போகும் வேளையில் கோப்பெருஞ்சிங்கன் அஞ்சி, சோழனை விட்டுவிடுகிறேன் என்று நரசிம்மனுக்கே தூது விடுகிறான். நரசிம்மன் இசைந்து ஆள் அனுப்புகிறான். தண்டநாயக்கர்கள் சோழனை விடுவித்து, உடன் சென்று, அவனுடைய நாட்டுக்குள் புகவிடுகிறார்கள். அவ்வளவே. முற்றுகை இல்லை, மதில் இடிபடவில்லை. இருட்டறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வழியிலே அழித்த சிற்றூர்களின் பெயரை எல்லாம் ஒன்று விடாமல் எழுதியவர்கள், எதிரியின் தலைநகரக் கோட்டையை இடித்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பார்களா? வென்றவன் சொல்லாத வெற்றியை நாம் அவன் கணக்கில் ஏற்றிவிட்டோம்.

இதைவிட வலிய சான்று பின்னால் நடந்தவற்றில் இருக்கிறது. சேந்தமங்கலம் 1231-இல் தரைமட்டமாகியிருந்தால் அங்கே அதன் பிறகு யாரும் அரசிருந்திருக்க முடியாது. ஆனால் கோப்பெருஞ்சிங்கன் பெயரில் 1243-ஐ முதலாண்டாகக் கொண்ட கல்வெட்டுகள் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சகலபுவனச் சக்கரவர்த்தி என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். 1262-இல் ஆந்திர நாட்டுத் திராட்சாராமத்தில் அவன் கல்வெட்டு உள்ளது. தில்லையின் கிழக்குக் கோபுரம் அவன் திருப்பணி. தெற்குக் கோபுரத்துக்கு வழங்கிய சொக்கச்சீயன் என்ற பெயரும் அவனுடைய பட்டப்பெயரே. 1251-இல் பட்டமெய்திய சடையவர்மன் சுந்தர பாண்டியன், கோப்பெருஞ்சிங்கன் அனுப்பிய திறையை ஏற்க மறுத்துச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் கவர்ந்து, பிறகு நாட்டை அவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் கூறுகிறான். முற்றுகையிட ஓர் ஊர் அங்கே அப்போதும் இருந்தது அன்றோ? கோப்பெருஞ்சிங்கனின் கடைசிக் கல்வெட்டுகள் அவனது முப்பத்தாறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அஃதாவது 1279-ஐ ஒட்டியவை. ஆக, இடிந்ததாக நாம் சொல்லும் நகரம் அதன் பின்னும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக வாழ்ந்தது.

இன்னும் ஓர் ஐயம் உண்டு. சோழனைப் பிடித்தவனும் 1279 வரை ஆண்டவனும் ஒருவனேயா? தந்தை, மகன் இருவருமே கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயர் தாங்கினர் என்றும், சோழனைச் சிறையிட்டவன் மணவாளப்பெருமாள் எனப்பட்ட தந்தையே என்றும் அறிஞர் ஒரு சாரார் கூறுவர். ஒருவனே என்பாரும் உளர். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவன் படை நடத்தினான் என்பதைவிட இருவர் என்பதே எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

சோழன் பிடிபட்ட இடத்திலும் சிக்கல் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வயலூரில் காடவர் சார்பில் பாடி வெட்டிய பாட்டுக் கல்வெட்டு, வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றுப் போரில் சோழனை வென்று அவனுடைய அரச சின்னங்களைப் பறித்து, அவனைச் சிறையிலிட்டதாகப் பெருமை பேசுகிறது. போசள அவையைச் சார்ந்த கத்யகர்ணாமிருதம் என்ற வடமொழி நூலோ, சோழன் நண்பனை நாடிச் செல்லும் வழியில் காடவன் அவனை மறித்துப் பிடித்ததாகச் சொல்கிறது. காடவர் கல்லில் சோழன் விடுதலையான செய்தி இல்லை. அவர்களுக்கு அது வேண்டாத செய்தி. போசளர் கல்லில் சோழன் போரில் தோற்ற விவரம் இல்லை. அவர்களுக்கு அது தேவையில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுக் கதை ஓரளவு தெரிகிறது.

கல்வெட்டு என்பதற்காகவே எல்லாவற்றையும் நம்பிவிடவும் முடியாது. ஈழத்து அரசனான பராக்கிரமபாகுவைக் கொன்றதாகத் திருவகீந்திரபுரத்துக் கல் கூறுகிறது. அக்காலத்தில் பொலன்னறுவையை ஆண்டவன் கலிங்க மாகன். இரண்டாம் பராக்கிரமபாகு பட்டமெய்தியது 1236-இல். அவன் அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆண்டான். எனவே 1231-இல் இங்கே மாண்டவன் ஈழத்து அரச குலத்தைச் சேர்ந்த வேறொருவனாகவே இருக்க வேண்டும். போர்க்களத்தில் கிடைத்த பெயரைத் தண்டநாயக்கர்கள் ஒரு படி உயர்த்திவிட்டார்கள்!

இத்தகைய கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன், சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடித்து, டியூர்ன்ஸ்டைன் என்ற மலைக்கோட்டையில் வைத்தான் ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டு. ரிச்சர்டின் பாணனான பிளாண்டல் கோட்டை கோட்டையாகச் சென்று பாடினான். ஒரு கோட்டைச் சாளரத்திலிருந்து மன்னன் அடுத்த அடியைப் பாடினான். அப்படித்தான் சிறையிருந்த இடம் தெரிந்தது என்று கதை சொல்லும். இனிமையான கதைதான். ஆனால் அது எழுத்தில் முதன்முதலாகத் தோன்றுவது 1260-ஐ ஒட்டி. நிகழ்ச்சி நடந்து இரு தலைமுறை கழிந்த பின். மன்னனை மீட்டது பாட்டு அன்று, பணம். இங்கிலாந்து மக்களின் வருவாயிலும் பொருளிலும் நாலில் ஒரு பங்கு வரியாகப் பெறப்பட்டது. கோயில்களின் வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டன. வெள்ளி வைத்திராத சிஸ்டர்சியத் துறவியர் தங்கள் ஆட்டு மந்தைகளின் ஓராண்டு உரோமத்தைக் கொடுத்தார்கள். சிலுவைப் போர் வீரனைச் சிறைப்பிடித்ததற்காகத் திருத்தந்தை மூன்றாம் செலஸ்டின் லியோபோல்டைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1194 பிப்ரவரியில்தான் ரிச்சர்டு விடுதலையானான். பாணனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். உரோமம் கொடுத்த துறவியரை யார் நினைக்கிறார்கள்?

சேந்தமங்கலக் கதையிலும் இப்படி விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம். திருவகீந்திரபுரத்துக் கல்வெட்டில், சேந்தமங்கலத்தை நெருங்கும் முன் செய்த வேலைகளைத் தண்டநாயக்கர்கள் எழுதும் வரி ஒன்று உண்டு. குடிகால்களைச் சுட்டும் அழித்தும், பெண்களைப் பிடித்தும், கொள்ளை கொண்டும் வந்ததாக அவர்களே சொல்கிறார்கள். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, வீரச் செயலாகச் சொல்கிறார்கள். குடிகால் என்பதைக் குடிநீர்க் கால்வாய் என்று ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். கால்வாயை அழிக்கலாம், சுடுவது எப்படி? அக்கால்வாயை நம்பியிருந்த பயிரும் குடிசைகளும் எரிந்தன என்று கொள்வதே பொருத்தம் என நினைக்கிறோம். எப்படியாயினும், அந்தப் பெண்களின் பெயர் இல்லை. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இல்லை. சோழன் விடுதலையானபோது அவர்களும் விடுதலையானார்களா என்ற குறிப்பும் இல்லை. பிடித்த குதிரைகளைப் பற்றிக்கூடக் கல்வெட்டு தனியே சொல்கிறது. நாம் சொல்லும் கதையிலோ அவ்வரியே உதிர்ந்துவிட்டது. அரசனும் கோட்டையும் இருட்டறையும் மட்டும் மிஞ்சின. இல்லாத மதிலை இடித்துக் காட்டிய நாம், இருந்த பெண்களை மறந்துவிட்டோம்.

சரி, கோட்டை எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு விடை கல்லுக்கும் செங்கல்லுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. அக்காலத்தில் இறைவன் கோயிலைக் கருங்கல்லால் கட்டினர். அரசன் அரண்மனையைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டி ஓடு வேய்ந்தனர். சேந்தமங்கலத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியதான கங்கைகொண்ட சோழபுரத்தையே பாருங்கள். கோயில் வானளாவி நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டிலோ 1980-இல் தொடங்கித் தோண்டிய பின்னரே செங்கற் சுவர்களின் அடிப்பாகமும் ஓடுகளும் வெளிப்பட்டன. அரசு போன பிறகு யாரும் இடிக்க வேண்டியதில்லை. மரம் உளுத்துப்போகும்; ஓடு சரியும்; செங்கல்லை அக்கம்பக்கத்தார் வீடு கட்டவும் கிணறு கட்டவும் எடுத்துக்கொள்வார்கள்; மண்மேட்டில் ஏர் ஓடும். கல்லுக்கும் எப்போதும் காவல் இருந்ததில்லை. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துச் சென்றார்கள். அதைச் செய்தவர்கள் பகைவரோ படையோ அல்லர், நீர்ப்பாசனத் துறையினர்.

சேந்தமங்கலத்திலும் இதுவே நடந்திருக்க வேண்டும். 1992 முதல் 1995 வரையான காலத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. மண்ணுக்கு அடியில் செங்கல் கட்டடப் பகுதிகள் தென்பட்டன. காடவர் அரண்மனை அவ்விடத்தில் இருந்தது என்ற கருத்து அதனால் வலுப்பட்டது. ஆனால் நாம் கதையில் கட்டி எழுப்பிய மாபெரும் கற்கோட்டை அங்கே இல்லை. இயற்கையும் அதற்கு இடம் தரவில்லை. செஞ்சியிலும் தியாகதுருகத்திலும் பாறையே பாதி மதில். சேந்தமங்கலமோ கெடிலக் கரையில் உள்ள சமவெளி ஊர்.

செஞ்சிக்குக் கோட்டையும் உண்டு, கதைப்பாடலும் உண்டு. ஏறத்தாழப் பத்தே மாதம் அதிகாரத்தில் இருந்து, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்ட இளைஞன் தேசிங்குக்கு நாடே அறிந்த கதைப்பாடல் வாய்த்தது. பல பத்தாண்டுகள் ஆண்டு, தில்லைக் கோபுரம் எழுப்பிய கோப்பெருஞ்சிங்கனுக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. ஒருவேளை அதனால்தான், கிடைத்த இடத்தில் நாம் கோட்டையைக் கட்டிவிட்டோமோ என்னவோ! பழைய கோட்டை என்றாலே சுரங்கப் பாதையும் புதையலும் பேச்சில் தானாக வந்து சேரும் அல்லவா?

சேந்தமங்கலத்தில் இன்று நிற்பது ஆபத்சகாயேசுவரர் கோயில். காடவர் காலத்துக் கருங்கல் கோயில் அது. அங்குள்ள இரண்டு கற்குதிரைகளைத் தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும். மந்திரம் என்பாரும் உளர். மதுரையிலும் நெல்லையிலும் உள்ள இசைத்தூண்களைப் போல, இறுகிய கல்லைத் தேர்ந்து செதுக்கிய கைவண்ணமே அது. குதிரைகளும் யானைகளுமே காடவர் படையின் வலிமை. பாண்டியன் கவர்ந்து சென்றவற்றின் பட்டியலில் அவையே முன்னால் நிற்கின்றன. ஆகவே அக்குதிரைகள் அங்கே நிற்பது பொருத்தமே.

விடுமுறையில் பெற்றோருடன் செல்லக்கூடியவர்கள் கெடிலத்தை வழிகாட்டியாகக் கொள்ளலாம். அவ்வாறு நம் பக்கத்து மையனூர் அருகே தோன்றிச் சேந்தமங்கலத்தைத் தொட்டுக் கிழக்கே ஓடுகிறது. போசளர் அழித்த திருவதிகை, அவர்கள் பாளையம் இறங்கிய திருப்பாதிரிப்புலியூர், அவர்கள் கல்வெட்டுப் பொறித்த திருவகீந்திரபுரம் ஆகிய மூன்றும் அதே ஆற்றின் கரையில் இருக்கின்றன. திருவகீந்திரபுரத்தில் அந்தக் கல்வெட்டு எங்கே என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள். எழுத்து பழைய எழுத்து; உடனே படிக்க வராது. தெரிந்த ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், சோழன் பெயர் வரும் இடத்தையும், அந்தப் பெண்களைப் பற்றிய வரியையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லலாம்.